புகாரை யார் கேட்பது? பெல்ஃபாஸ்ட், கொழும்பு, நெல்லை

1999ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் தேதி நெல்லை கொக்கிரகுளத்தில் நடந்ததை நம் மாவட்டத்தில் நாற்பது வயதைத் தாண்டிய எவருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களின் கோரிக்கைகளுக்காகவும், சிறையில் இருந்த அவர்களை விடுவிக்கக் கோரியும் ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஒரு பேரணி வந்தது. தடியடி நடந்தது. உயிர் தப்ப ஆற்றில் இறங்கியவர்கள் மீதும் அடி விழுந்ததாக அங்கிருந்தவர்கள் சொன்னார்கள். பெண்கள், ஒரு கைக்குழந்தை உட்பட 17 பேர் தாமிரபரணியில் பிணமானார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. பெரும்பாலானோர் நீரில் மூழ்கி இறந்தார்கள் என்று அது சொன்னது. காவல்துறையின் நடவடிக்கையையும் பெரும்பாலும் நியாயப்படுத்தியது. அத்தோடு கோப்பு மூடப்பட்டது.

அதே ஆண்டு செப்டம்பரில், நமக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் ஊரில் இன்னொரு அறிக்கை வெளியானது. ஊர் வட அயர்லாந்தின் தலைநகரான பெல்ஃபாஸ்ட். சுமார் முப்பது ஆண்டு உள்நாட்டு மோதலில் 3,500க்கும் அதிகமானோர் மாண்ட பிறகு, 1998இல் அங்கே சமாதான உடன்படிக்கை ஏற்பட்டது. இனி காவல்துறையை என்ன செய்வது என்று ஆராய, ஹாங்காங்கின் கடைசி ஆங்கிலேய ஆளுநராக இருந்த கிறிஸ் பேட்டன் தலைமையில் ஒரு குழு போட்டார்கள். அந்தக் குழுவின் அறிக்கைதான் அது. மொத்தம் 175 பரிந்துரைகள்.

இந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க நமக்கு ஒரு காரணம் இருக்கிறது. போரிலிருந்து மீளும் நாடுகளில் காவல்துறையைத் திருத்துவது பற்றி உலகம் நிறையப் பேசுகிறது. நம் வீடுகளிலும் அந்தப் பேச்சு கேட்கிறது. சிரியாவில் 2024 டிசம்பரில் அசத் ஆட்சி விழுந்து, அடுத்த மாதமே பழைய இராணுவமும் உளவு அமைப்புகளும் கலைக்கப்பட்டபோது நம் இளைஞர்கள் வாட்ஸ்அப்பில் கொண்டாடினார்கள். ஸைத்னாயா சிறையின் கதவுகள் திறந்ததைப் பார்த்து நாமும் மகிழ்ந்தோம். ஆனால் 2003இல் ஈராக்கில் அமெரிக்கா இதே போல் ஒரே கையெழுத்தில் இராணுவத்தைக் கலைத்து, இலட்சக்கணக்கான ஆயுதப் பயிற்சி பெற்ற ஆண்களை வேலையில்லாமல் தெருவுக்கு அனுப்பியதன் விளைவை அந்த நாடு இருபது ஆண்டுகளாக அனுபவித்து வருகிறது. சிரியாவிலும் 2025 மார்ச்சில் கடலோரப் பகுதியில் அலவி மக்கள் கொல்லப்பட்டபோது, கொன்றவர்களில் புதிய அரசின் படைகளைச் சேர்ந்தவர்களும் இருந்தார்கள் என்பதை மறைக்க முடியாது. பழையதைக் கலைப்பது ஒரு நாள் வேலை. அதனால் மட்டும் திருத்தம் வந்துவிடுவதில்லை.

பேட்டன் குழு கலைக்கச் சொல்லவில்லை, வேறு ஒன்றைச் செய்யச் சொன்னது. அங்கே மக்கள்தொகையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் கத்தோலிக்கர்கள். காவல்துறையிலோ சுமார் எட்டு விழுக்காடுதான். எனவே பத்தாண்டுகளுக்குப் புதிதாக எடுக்கும் ஆட்களில் பாதிப் பேர் கத்தோலிக்கராக இருக்க வேண்டும் என்றார்கள். 2001 நவம்பரில் பெயர் மாறியது, பிறகு சின்னமும் மாறியது. கட்சிக்காரர்களும் பொதுமக்களும் அமர்ந்து காவல்துறைத் தலைவரைக் கேள்வி கேட்கும் வாரியம் ஒன்று உருவானது. இவையெல்லாம் முக்கியம்தான். ஆனாலும் நம் பார்வையில் எல்லாவற்றையும் விட முக்கியமானது வேறு. காவலர் மீது வரும் புகாரைக் காவல்துறையே விசாரிக்கும் வழக்கத்தை அவர்கள் நிறுத்தினார்கள். அதற்கென்று தனி அலுவலகம், தனி விசாரணையாளர்கள், தனி நிதி. 2000ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. மறு ஆண்டே தன் பல்லைக் காட்டியது. 1998இல் ஓமா என்ற ஊரில் 29 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பு வழக்கில், முன்கூட்டி வந்த தகவலைக் காவல்துறை சரியாகக் கையாளவில்லை என்று வெளிப்படையாக அறிக்கை கொடுத்தது. காவல்துறைத் தலைவர் கொதித்தார், அலுவலகம் பின்வாங்கவில்லை.

அதன் பிறகும் நம்பிக்கை வர ஆண்டுகள் பிடித்தன. கத்தோலிக்கர்களின் பெரிய கட்சியான சின் ஃபெய்ன் காவல்துறையை ஏற்றுக்கொள்வதாகத் தீர்மானம் போட்டது 2007 ஜனவரியில்தான். இன்றும் அங்கே கத்தோலிக்கக் காவலர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் இருக்கிறார்கள். பழைய கொலை வழக்குகள் பல இன்னும் நிற்கின்றன. ஆனால் அடிபட்டவன் போய்த் தட்டுவதற்கு ஸ்டேஷன் அல்லாத ஒரு கதவு அங்கே இருக்கிறது.

பெல்ஃபாஸ்ட் எங்கோ இருக்கிறது. இலங்கை அப்படியல்ல. காயல்பட்டினத்துக்கும் கொழும்புக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகக் கொடுக்கல் வாங்கல் உண்டு, பெண் எடுத்த உறவும் உண்டு. அங்கே 2009 மே மாதம் போர் முடிந்தது. போர் முடிந்த காலத்தில் காவல்துறை பாதுகாப்பு அமைச்சின் கீழ் இருந்தது. போருக்குப் பின் அரசே நியமித்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு 2011இல் அறிக்கை தந்தது. ஆயுதப் படைகளைக் கவனிக்கும் நிறுவனத்திலிருந்து காவல்துறையைப் பிரியுங்கள், சுதந்திரமான பொலிஸ் ஆணைக்குழுவை அமையுங்கள், தமிழ் பேசுகிறவர் தன் மொழியிலேயே முறைப்பாடு கொடுக்க வழிசெய்யுங்கள் என்று அது கேட்டது. அரசு நியமித்த குழுவே இவ்வளவு சொன்னது. ஆனால் அந்த ஆணைக்குழு பட்ட பாட்டைப் பாருங்கள். 2001இல் அரசியலமைப்பின் 17ஆவது திருத்தம் தேசிய பொலிஸ் ஆணைக்குழுவை உருவாக்கியது. போர் முடிந்த மறு ஆண்டு, 2010இல், 18ஆவது திருத்தம் அதன் கடிவாளத்தை ஜனாதிபதியின் கைக்கு மாற்றியது. 2015இல் 19ஆவது திருத்தம் அதை மீட்டது. 2020இல் 20ஆவது திருத்தம் மீண்டும் பறித்தது. 2022இல் 21ஆவது திருத்தம் மீண்டும் கொடுத்தது. ஆட்சி மாறும்போதெல்லாம் கதவைத் திறப்பதும் பூட்டுவதுமாக இருந்தால், அந்தக் கதவை நம்பி யார் போவார்?

இதன் பலனை நம் சமுதாயம் அங்கே அனுபவித்தது. 2014 ஜூனில் அளுத்கம, 2018 மார்ச்சில் திகன, 2019இல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் மினுவாங்கொடையும் வடமேல் மாகாணமும். ஒவ்வொரு முறையும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது காவலர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற முறைப்பாடு எழுந்தது. மறுபக்கம், 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டம். புலிகளை ஒடுக்க வைத்திருந்த அந்தச் சட்டத்தில், போர் முடிந்து 11 ஆண்டுகள் ஆன பின் 2020 மே மாதம் மன்னாரைச் சேர்ந்த இளம் கவிஞரும் ஆசிரியருமான அஹ்னாஃப் ஜஸீம் கைது செய்யப்பட்டார். அவர் எழுதிய தமிழ்க் கவிதை நூல்தான் அவருக்கு எதிரான ‘ஆதாரம்’. ஒன்றரை ஆண்டுக்கு மேல் உள்ளே இருந்து 2021 டிசம்பரில் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுவித்தது. இழந்த காலத்தை யாரும் திருப்பித் தரவில்லை.

அதே 2023 டிசம்பரில் இலங்கை உச்ச நீதிமன்றம், தேசபந்து தென்னகோன் என்ற உயர் அதிகாரி ஒருவரைச் சித்திரவதை செய்து அடிப்படை உரிமையை மீறியதற்குப் பொறுப்பாளி என்று தீர்ப்பளித்தது. இரண்டு மாதத்தில் அவரை நாட்டின் பொலிஸ் மா அதிபராகவே நியமித்தார்கள்! 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவர் கடமையாற்றத் தடை விதித்தது. 2025 ஆகஸ்ட் 5 அன்று நாடாளுமன்றம் 177 வாக்குகளால், எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லாமல், அவரைப் பதவி நீக்கியது. தாமதமானாலும் இது பெரிய செய்தி. ஒரு பொலிஸ் தலைவரைச் சட்டப்படி விசாரித்து நீக்க முடியும் என்று போரால் சிதைந்த ஒரு நாடு காட்டியிருக்கிறது.

இனி நம் ஊருக்கு வருவோம். “நம் நாட்டில் என்ன போரா நடந்தது?” என்று கேட்கலாம். போர் இல்லை. ஆனால் 1995இல் கொடியன்குளத்தில் காவல்துறை புகுந்து வீடுகளை நொறுக்கியது முதல் தென்மாவட்டங்கள் கண்ட சாதி மோதல்கள், 1997 நவம்பர் கோவைக் கலவரமும் துப்பாக்கிச் சூடும், 1998 பிப்ரவரி குண்டுவெடிப்பும், அதன் பின் நம் முஹல்லாக்கள் மீது படிந்த சந்தேகப் பார்வையும் சேர்ந்து, மக்களுக்கும் காக்கிக்கும் இடையே மோதல் முடிந்த நாடுகளில் இருப்பது போன்ற ஒரு பிளவை உண்டாக்கியிருக்கின்றன.

நியாயமாகப் பேசுவதென்றால் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2020 ஜனவரி 8ஆம் தேதி களியக்காவிளை சோதனைச் சாவடியில் பணியில் இருந்த சிறப்பு உதவி ஆய்வாளர் சுட்டுக் கொல்லப்பட்டார். அதில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் நம் பெயரைத் தாங்கிய இளைஞர்கள். அவரும் ஒரு குடும்பத்தின் தகப்பன். அந்தக் கொலையைக் கண்டிக்க நாம் எந்தத் தயக்கமும் காட்டக் கூடாது. காவலர்கள் பலர் வாரவிடுப்புகூட ஒழுங்காகக் கிடைக்காமல் உழைக்கிறார்கள் என்பதும் உண்மை. நாம் பேசுவது ஆட்களைப் பற்றி அல்ல, அமைப்பைப் பற்றி.

அமைப்பு எப்படி இருக்கிறது என்பதற்கு நம் ஆற்றங்கரையிலேயே இரண்டு வழக்குகள்.

முதலாவது அம்பாசமுத்திரம். 2023 மார்ச்சில், அம்பை, கல்லிடைக்குறிச்சி, விக்கிரமசிங்கபுரம் காவல் நிலையங்களுக்கு விசாரணைக்கு அழைத்துச் செல்லப்பட்ட இளைஞர்கள், உட்கோட்டத்தின் உதவிக் காவல் கண்காணிப்பாளரே கட்டிங் பிளேயரால் தங்கள் பற்களைப் பிடுங்கியதாகவும், வாயில் ஜல்லிக்கல்லைப் போட்டு அடித்ததாகவும் சொன்னார்கள். சேரன்மகாதேவி சார் ஆட்சியர் முதலில் விசாரித்தார். அங்கே போன சிலர், கீழே விழுந்ததில் பல் உடைந்தது என்று மாற்றிச் சொன்னதாகவும் செய்தி வந்தது. ஏன் மாற்றிச் சொல்லியிருப்பார்கள் என்று நாம் ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. மறுநாளும் அதே ஊரில்தான் அவர்கள் வாழ வேண்டும். சட்டமன்றத்தில் பிரச்சினை எழுந்து, அதிகாரி பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். மூத்த ஐ.ஏ.எஸ். அதிகாரி பெ. அமுதா உயர்மட்ட விசாரணைக்கு நியமிக்கப்பட்டார். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. 2024 ஜனவரியில் பணியிடைநீக்கம் விலக்கிக்கொள்ளப்பட்டது. குற்றச்சாட்டு உண்மையா என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நாம் கவனிப்பது பாதையை. ஊடகமும் சட்டமன்றமும் சத்தம் போடும்வரை, ஒரு சாதாரணப் புகாராக அது நகர வழியே இருக்கவில்லை.

இரண்டாவது நெல்லை டவுன். 2025 மார்ச் 18, ரமலான் மாதம். அதிகாலைத் தொழுகையை முடித்துத் திரும்பிய பள்ளிவாசல் நிர்வாகி ஒருவர் நடுத்தெருவில் வெட்டிக் கொல்லப்பட்டார். வக்ஃப் நிலம் தொடர்பான தகராறு. அவர் யார்? காவல்துறையில் உதவி ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தன் உயிருக்கு ஆபத்து என்றும், புகார் கொடுத்தும் காவல்துறை அதிகாரிகள் நடவடிக்கை எடுக்கவில்லை என்றும் முன்பே வீடியோவில் பேசி வெளியிட்டிருந்தார். கொலைக்குப் பின் டவுன் ஆய்வாளர் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார். நோன்பில் பாதி கடந்திருந்த அந்த வாரம் நம் வீடுகளில் ஸஹர் நேரத்தில் வேறு பேச்சே இல்லை. நாம் திரும்பத் திரும்ப யோசித்தது ஒன்றைத்தான். வாழ்நாளெல்லாம் அந்தச் சீருடையை அணிந்தவருக்கே தன் புகாரைக் கேட்க வைக்க முடியவில்லை என்றால், ஆட்டோ ஓட்டுகிறவருக்கும் பீடி சுற்றுகிற அம்மாவுக்கும் என்ன கதி?

ஓரிடத்தில் காவல்துறை வரம்பு மீறியதாகப் புகார். இன்னோரிடத்தில் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை என்ற புகார். ஒன்றுக்கொன்று எதிர் போலத் தெரியும். இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் முட்டுகின்றன. ஸ்டேஷனைப் பற்றிய புகாரை ஸ்டேஷனுக்கு மேலே இருக்கும் அதே வரிசையிடம்தான் கொடுக்க முடிகிறது.

இதற்கு நாட்டில் சட்டமே இல்லையா என்றால், தீர்ப்பு இருக்கிறது. உத்தரப் பிரதேச டிஜிபியாக இருந்த பிரகாஷ் சிங் 1996இல் தொடுத்த வழக்கில், 2006 செப்டம்பர் 22 அன்று உச்ச நீதிமன்றம் ஏழு கட்டளைகளைப் பிறப்பித்தது. அதில் ஒன்று, ஒவ்வொரு மாநிலத்திலும் மாவட்டத்திலும் காவல் புகார் ஆணையம் அமைக்க வேண்டும் என்பது. மாநில அளவில் ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட அளவில் ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை வகிக்க வேண்டும். தமிழ்நாடு ஏழு ஆண்டு கழித்து, 2013இல், காவல் சீர்திருத்தச் சட்டம் இயற்றியது. ஆணையமும் அதில் இருக்கிறது. தலைவர் யார்? மாநிலத்தில் உள்துறைச் செயலாளர், மாவட்டத்தில் ஆட்சியர். உறுப்பினர்களில் டிஜிபியும் எஸ்.பி.யும் உண்டு. அதாவது எஸ்.பி.யின் ஆட்கள் மீது வரும் புகாரை எஸ்.பி.யும் உட்கார்ந்து கேட்பார். பெயர் உச்ச நீதிமன்றம் சொன்னதுதான், உள்ளே இருப்பது வேறு. இரண்டு கழகங்களும் மாறி மாறி ஆண்ட மாநிலத்தில் இது மட்டும் மாறாமல் இருந்து வந்திருக்கிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

மதரஸாவில் ஓதிய நமக்கு இந்த இடத்தில் கூஃபா நகரம் நினைவுக்கு வருகிறது. காதிஸிய்யாப் போரின் தளபதி, சுவர்க்க நன்மாராயம் பெற்ற பத்துப் பேரில் ஒருவரான ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அங்கே ஆளுநர். மக்களில் சிலர் அவர்மீது புகார் சொன்னார்கள், ஒழுங்காகத் தொழவைப்பதில்லை என்பதுவரை. கலீஃபா உமர் (ரலி) முதலில் அவரைப் பதவியிலிருந்து விலக்கினார். பிறகு விசாரிக்க ஆள் அனுப்பினார். போனவர் ஆளுநர் மாளிகையில் உட்கார்ந்து சாட்சிகளை வரவழைக்கவில்லை. கூஃபாவின் ஒவ்வொரு பள்ளிவாசலுக்கும் நடந்து போய், மக்கள் கூடும் இடத்தில் அவர்களிடமே கேட்டார். ஒரே ஒரு பள்ளியில் ஒருவரைத் தவிர எல்லோரும் ஸஅதைப் புகழ்ந்தார்கள். பின்னாளில் உமர் (ரலி) மரணப் படுக்கையில், இயலாமைக்காகவோ மோசடிக்காகவோ நான் அவரை நீக்கவில்லை என்று தெளிவாகச் சொல்லி, அடுத்த கலீஃபாவைத் தேர்வு செய்யும் ஆறு பேரில் அவரையும் ஒருவராக்கினார். விசாரணைக் காலத்தில் பொறுப்பிலிருந்து விலகி நிற்பது தண்டனை ஆகாது, விசாரணை நேர்மையாக நடப்பதற்கான ஏற்பாடு. இதைப் பதினான்கு நூற்றாண்டுக்கு முன் புரிந்துகொண்டார்கள். அதிகாரிகளின் அநீதியை விசாரிக்க ‘மழாலிம்’ என்ற தனி மன்றமே பிற்காலத்தில் வளர்ந்தது. இமாம் மாவர்தீ தம் ஆட்சியியல் நூலில் அதற்கென்று ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

சாத்தான்குளத்தை விட்டுவிட்டு இதைப் பேச முடியாது. 2020 ஜூன் 19 அன்று, ஊரடங்கில் கடை மூடும் நேரம் பற்றிய தகராறில் தந்தையும் மகனும் ஸ்டேஷனுக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். 22, 23 தேதிகளில் இருவரும் இறந்தார்கள். விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவரையே காவலர்கள் ஒத்துழைக்காமல் அலைக்கழித்தார்கள். அதைக் கேட்ட மதுரைக் கிளை, அந்தக் காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர உத்தரவிட்டது. கண்காணிப்புக் கேமரா இருந்தது, ஆனால் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி அமைக்கப்பட்டிருந்தது. நடந்ததைத் துணிந்து சொன்னது அங்கேயே பணியாற்றிய ஒரு பெண் தலைமைக் காவலர். கேமராவை விட அந்தப் பெண்மணியின் நாக்கு பெரிய ஆதாரமாக நின்றது. உள்ளே இருக்கும் நல்லவர்களுக்குப் பாதுகாப்புக் கொடுப்பதும் சீர்திருத்தத்தின் ஒரு பகுதி என்பதை மேலைநாட்டு அறிக்கைகள் போதுமான அளவு பேசுவதில்லை. 2025 ஜூனில் திருப்புவனத்தில் கோயில் காவலாளி ஒருவர் விசாரணையில் உயிரிழந்தபோது, ஐந்து ஆண்டில் எதுவும் மாறவில்லையா என்று மாநிலமே கேட்டது.

நம் கையில் என்ன இருக்கிறது?

ஒன்று, உள்ளே போவது. பேட்டன் குழு எட்டு விழுக்காட்டைப் பெரிய நோயாகக் கண்டது. தமிழ்நாட்டில் 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. காவலர் பணிக்கும் அது பொருந்தும். இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் பத்தாம் வகுப்பு போதும். மேலப்பாளையத்திலும் பேட்டையிலும் கடையநல்லூரிலும் வளைகுடா விசாவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தத் தேர்வை எழுதுகிறார்கள்? மதரஸா விட்ட பின் மாலையில் காலியாகக் கிடக்கும் ஜமாஅத் மண்டபங்களில் ஒரு பயிற்சி வகுப்பு நடத்தப் பெரிய செலவு ஆகாது. பெண் பிள்ளைகளையும் சேர்த்தே சொல்கிறோம்.

இன்னொன்று, இருக்கும் அரைகுறைக் கதவையாவது தட்டுவது. யாரையாவது கைது செய்தால் கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தினரோ ஊர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்குத் தகவல் தர வேண்டும், மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும், 24 மணி நேரத்துக்குள் நடுவரிடம் நிறுத்த வேண்டும். நடுவர் முன் நிற்கும்போது உடம்பில் காயம் இருந்தால் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லத் தவறிய இடத்தில்தான் பல வழக்குகள் செத்துப்போகின்றன. காவல் நிலையக் கேமராப் பதிவை 18 மாதம், குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. எனவே சம்பவம் நடந்த அன்றே அந்தத் தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாத்து வைக்கும்படி எழுத்தில் கேட்க வேண்டும்.

மூன்றாவதாக, வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் ஒரு கேள்வி. பாதை, குடிநீர், கபரஸ்தான் சுற்றுச்சுவர் எல்லாம் கேட்கிறோம். 2013ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஆட்சியர் இருக்கும் இடத்தில் ஓய்வுபெற்ற நீதிபதியை உட்கார வைக்கத் திருத்தம் கொண்டுவருவீர்களா என்று நம் ஜமாஅத்துகளில் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள்? இது நமக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. மாஞ்சோலைத் தொழிலாளியின் குடும்பமும், சாத்தான்குளத்து வியாபாரியும், அம்பைப் பையன்களும் சேர்ந்து நிற்கக்கூடிய கோரிக்கை.

அதுவரை, திங்கட்கிழமைதோறும் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் நாள் நடக்கிறது. காவல்துறை பற்றிய மனு என்றால் மேலே ‘மாவட்டக் காவல் புகார் ஆணையத் தலைவர்’ என்று விலாசமிட்டு, அதே ஆட்சியரிடம் கொடுங்கள், ஒப்புகைச் சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். ஒரு நகலைச் சென்னையில் உள்ள மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டால் அந்த ஆணையம் விசாரிக்காது.